விஷம் என்று எழுதுவதற்கு முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

அக்கா மகளுக்காக ரோஜாப் பாலில் சாப்பிடக்கூடிய மினுமினுப்புத் தூளைக் கலக்கும் வீடியோ ஒன்றை நான் போட்டிருந்தேன். அந்த மினுமினுப்புப் பால் வீடியோவுக்குக் கீழே நேற்று நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். மறுபடி முழுக்கதையும் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. "குழந்தைக்கு பிளாஸ்டிக்கைக் கரைத்துக் கொடுக்கிறாள்" என்று ஒருவர் எழுதினார், அதற்கு அத்தனை பேர் லைக் போட்டார்கள், ராத்திரிக்குள் அந்த ஸ்கிரீன்ஷாட் எனக்குத் தெரியாத குழுக்களில் எல்லாம் சுற்றிவிட்டது. "அந்தத் தூள் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது?" என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எனக்கு வலித்தது அதுதான்.

எழுதியிருப்பது இதுதான்: மால்டோடெக்ஸ்ட்ரின், மைக்கா, இரும்பு ஆக்சைடு. மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கும் ஒரு மாவுப்பொருள். மைக்கா என்றால் அப்பிரகம், ஏடு ஏடாகப் பிரியும் கனிமம். அதை நுண்ணிய செதில்களாக்கி மேலே இரும்பு ஆக்சைடைப் பூசினால் வெண்கல நிறம் வரும். செதிலில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதைத்தான் நாம் மினுமினுப்பு என்கிறோம். வாழ்த்து அட்டையில் ஒட்டும் கிளிட்டர் முற்றிலும் வேறு பொருள். அது பெரும்பாலும் அலுமினியம் பூசிய பாலியெஸ்டர் தாளைப் பொடியாக நறுக்கியது. இரண்டும் மினுங்குகிறது என்பதற்காக இரண்டும் ஒன்றா? டப்பாவைத் திருப்பினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சரி, பயப்படக் காரணமே இல்லையா என்றால், இருக்கிறது. என்னைவிட அதிகமாக அதைப் பற்றிப் பேசியவர் யாரும் நேற்று அங்கே இல்லை. அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் 2018-ல் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. மேலே தூவியிருந்த பளபளப்புத் தூளில் இருந்தது செம்பு. அடுத்த ஆண்டு மிசௌரியில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கண்டுபிடித்தார்கள், அதற்கும் கேக்கில் போட்ட தூள்தான் காரணம். அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2021-ல் இரண்டையும் அறிக்கையாகவே வெளியிட்டது. அலங்காரத்துக்கு மட்டும் என்று விற்கிற தூளை உணவில் போட்டால் இப்படித்தான் ஆகும். 'நச்சற்றது' என்று போட்டிருந்தாலும் அது சாப்பிடும் பொருள் ஆகிவிடாது. 'உண்ணத்தக்கது' என்று இருக்க வேண்டும், கூடவே சேர்மானங்களின் பட்டியல் இருக்க வேண்டும். பட்டியல் இல்லாத டப்பாவை நான் வாங்குவதே இல்லை.

"இவ்வளவு தெரிந்துமா குழந்தைக்குக் கொடுக்கிறாய்?" என்று அடுத்து கேட்பீர்கள். தெரிந்ததால்தான் கொடுக்கிறேன். டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி பற்றி ஒருவர் பெரிய கட்டுரையே எழுதியிருந்தார். ஆமாம், ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. என் டப்பாவில் அது இல்லை. அவ்வளவுதான் பதில்.

இந்தப் பாலை நான் செய்ய ஆரம்பித்ததே அக்கா மகளுக்காக. காய்ச்சல் விட்ட பிறகு பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆறவைத்த பாலில் ரோஜா சிரப்பைக் கலந்து, ஸ்பூன் நுனியில் நிற்கிற அளவு தூளைப் போட்டு அவள் கையிலேயே கொடுத்துக் கலக்கச் சொன்னேன். பாலில் உள்ள கொழுப்பும் புரதமும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் உள்ளே இருக்கும் செதில்கள் கண்ணுக்குத் தெரியாது, மேல்பரப்பில் இருப்பவைதான் தெரியும். கலக்கக் கலக்கச் செதில்கள் பால் ஓடுகிற பக்கமாகச் சாய்ந்து, சிவப்பின் மேல் வெண்கலக் கோடுகள் சுருள்சுருளாக விரியும், கலக்குவதை நிறுத்தினால் மெல்ல மங்கிவிடும். அது மங்குவதற்குள் குடித்துவிட வேண்டும் என்று அவளே ஒரு விதி வைத்துக்கொண்டாள். தம்ளரின் அடியில் படிந்ததைக்கூட ஸ்பூனால் வழித்தாள். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

"பாலைப் பாலாகக் குடிக்கப் பழக்க வேண்டியதுதானே?" பழக்குங்கள், உங்கள் வீட்டில். எல்லா நாளும் இதைக் கொடுங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? சர்க்கரை அதிகம் என்று சொன்னவர்கள் சொன்னது நியாயம், சிரப்பைக் குறைக்கலாம். ஆனால் நேற்று அங்கே நடந்தது சர்க்கரையைப் பற்றிய பேச்சா? சமையலறையில் ஒரு பெண் தனக்குப் பிடித்ததைச் செய்து, சந்தோஷமாக நாலு பேருக்குக் காட்டினால், உடனே அவளுக்குப் பொறுப்பு இல்லை, விளம்பர ஆசை, குழந்தையை வைத்துப் பிழைக்கிறாள் என்று வந்துவிடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் கேட்கிறேன். நானும் குழந்தைக்குக் கொடுக்கும் முன் யோசிக்கிறவள்தான் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை?

இதையெல்லாம் பார்த்துவிட்டு அக்காவே ராத்திரி போன் செய்து, "அது நிஜமாகவே சாப்பிடுகிற பொருள்தானே?" என்று கேட்டாள். அந்த டப்பா அவள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. போய் எடுத்துப் படி என்று மட்டும் சொன்னேன், அதற்குமேல் பேச முடியவில்லை.

சந்தேகம் இருப்பவர்கள் கீழே கேளுங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் பதில் சொல்கிறேன். உங்கள் கையில் இருக்கும் தூளின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் சேர்ந்தே படிக்கலாம். படிக்காமல் வந்து விஷம் என்று எழுதுகிறவர்களை இந்த முறை பிளாக் செய்துவிடுவேன்.