ஃபயர்வாலை அணைப்பது இந்தப் பிழைக்குத் தீர்வு அன்று

தொலைவிலுள்ள விண்டோஸ் கணினியுடன் இணையும்போது ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்தால் ஃபயர்வாலை (வலையமைப்பு வழியாக வரும் தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் பாதுகாப்பு அரண்) முழுவதும் அணைத்துவிட வேண்டும் என இந்த விவாதத்தில் ஒருவர் கூறியிருப்பது தவறான வழிகாட்டுதல். அதைப் பின்பற்றினால் கணினி பாதுகாப்பை இழக்குமே தவிர, பிழை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஃபயர்வால் தடுக்கும்போது கோரிக்கை மறுமுனையிலுள்ள சேவையை எட்டுவதே இல்லை என்பதால், கணினியை அடைய இயலவில்லை என்பது போன்ற செய்திதான் பொதுவாக வரும். அனுமதி மறுப்போ, கோரிக்கை சென்று சேர்ந்தபின் அந்தக் கணினி நம் கணக்கைச் சோதித்து, உரிமை இல்லை என்று அளித்த பதில்.

தொலைவிலுள்ள கணினியின் திரையை இங்கிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இணைகிறீர்கள் என்றால், நிர்வாகி அல்லாத கணக்கு ‘ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்’ குழுவில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். கடவுச்சொல் இல்லாத கணக்கை விண்டோஸ் இயல்பாகவே தொலைவிலிருந்து ஏற்பதில்லை.

பலரையும் உண்மையில் குழப்புவது வேறொன்று: டொமைனில் (நிறுவனங்கள் தம் கணினிகளையும் கணக்குகளையும் மையமாக நிர்வகிக்கும் அமைப்பு) சேராத கணினியில், நிர்வாகி உரிமையுள்ள உள்ளூர்க் கணக்கைக் கொண்டு சி டிரைவின் மறைநிலைப் பகிர்வை (நிர்வாகிகளுக்காக விண்டோஸ் தானே உருவாக்கும் C$) திறக்க முயன்றாலும் மறுப்பே வரும், ஏனெனில் பயனர் கணக்குக் கட்டுப்பாடு (UAC) என்னும் விண்டோஸ் பாதுகாப்பு வசதி, வலையமைப்பு வழியாக வரும் அத்தகைய கணக்கின் நிர்வாகி உரிமையை நீக்கிவிட்டே உள்ளே அனுமதிக்கிறது. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் இதைத் தளர்த்த வழியுண்டு என்றாலும், தேவையான கோப்புறையை மட்டும் தனியாகப் பகிர்ந்து உரிமை அளிப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

ஏற்கெனவே ஃபயர்வாலை அணைத்தவர்கள் தயவுசெய்து உடனே இயக்கிவிடுங்கள்.