துவாய் யார் தோளில் இருந்தது?

நேற்றுப் பின்னேரம் மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். அக்காவின் மகன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“மாமா, இவனப் பாருங்க. இவ்வளவு பெரிய உடம்ப வெச்சிக்கிட்டு குந்திட்டான்!”

காணொளியில் இங்கிலாந்துக் குத்துச்சண்டைக்காரர் டேனியல் டுபுவா. 2020 நவம்பரில் லண்டனில் ஜோ ஜோய்ஸுடன் நடந்த சண்டை. பத்தாவது சுற்றில், வீங்கி மூடிக் கிடந்த இடது கண்ணில் இன்னொரு குத்து விழுகிறது. இரண்டடி பின்னால் போய் ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றுகிறார். நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை எழும்பவில்லை, அத்தோடு தோல்வி. மேசையில் இருந்த நாலு பொடியன்மாருக்கும் ஒரே தீர்ப்புத்தான்: பயந்தாங்கொள்ளி. “மறுகா என்னத்துக்கு ரிங்குக்குள்ள போன?” என்று ஒருத்தன் போனைப் பார்த்தே ஏசினான்.

நான் அங்கே வாய் திறக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். இரவு நித்திரை வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது டுபுவாவின் கண்குழி எலும்பு வெடித்திருந்தது. விழித்திரையிலும் இரத்தக்கசிவு. வயது 23. அப்படியிருந்தும் பழைய குத்துச்சண்டைக்காரர்கள் சிலரே அவரை ஏசினார்கள். அதே ஆள்தான் 2024 செப்டம்பரில் வெம்ப்ளியில் அந்தோனி ஜோஷுவாவை ஐந்தாவது சுற்றில் விழுத்தினார். அந்தக் காணொளியும் என் மருமகனின் போனில் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் அவனுக்குத் தெரியாது!

சரி, இடையில் விட்டுப்போகிற எல்லாரும் உத்தமர்களா? அப்படியும் இல்லை. பழைய சாம்பியன் ரொபேர்ட்டோ டுரானை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. 1980 ஜூனில் மொன்ட்ரியலில் சுகர் ரே லெனார்டை வென்ற மனுசன், ஐந்து மாதம் கழித்து நவம்பர் 25ஆம் திகதி நியூ ஓர்லியன்ஸில் எட்டாவது சுற்றில் கையை வீசிவிட்டுத் திரும்பி நடந்தார். (நியூ ஓர்லியன்ஸ் நமக்குத் தூரத்து ஊர் இல்லை. நம்முடைய வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த வெபர் அடிகளார் போன்ற அமெரிக்கக் குருமார் யேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தில் இருந்துதான் இங்கே வந்தார்கள்.) டுரானுக்கு எலும்பு முறியவில்லை, கண் மூடவில்லை. லெனார்ட் அவரை வைத்து விளையாட்டுக் காட்டினார், அவ்வளவுதான். வலக்கையைச் சுழற்றிச் சுழற்றிப் பாவலா காட்டிவிட்டு இடக்கையால் முகத்தில் ஒன்று போட்டார். சனம் சிரித்தது. “நோ மாஸ்”, இனிப் போதும் என்று டுரான் சொன்னதாக உலகம் முழுக்கப் பேச்சு. அப்படிச் சொல்லவே இல்லை, வயிற்றுப் பிடிப்பு என்றார் அவர். வயிற்றுக் கதையை நான் நம்பவில்லை. அவருக்குச் சிரிப்புத்தான் தாங்கவில்லை. நம்முடைய கொம்புமுறி விளையாட்டில் தோற்ற சேரிக்கு, அதாவது தோற்ற பக்கத்துக்கு, வசைப்பாட்டுப் பாடுவார்களே, அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவும் ஒரு நெஞ்சு வேண்டும். அன்றைக்கு டுரானிடம் அது இருக்கவில்லை. ஆனால் பிறகு வந்தது. 1989இல், 37 வயதில், தன்னைவிட எவ்வளவோ பெரிய ஐரன் பார்க்லியோடு பன்னிரண்டு சுற்றும் நின்று வென்றார். இதையும் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

ஆனால் பொடியன்மாரிடம் நான் கேட்கிற கேள்வி வேறு. வெட்கங்கெட்ட வேலை எது என்று தேடினால் ஏன் முதலில் குந்தினவனிடம் போகிறீர்கள்? டைசன் 1997இல் ஹொலிஃபீல்டின் காதைக் கடித்ததைச் சொல்வீர்கள். அதை உலகமே பார்த்தது, தண்டமும் கட்டினார். யாருமே பார்க்காமல் நடந்ததைப் பாருங்கள்.

1983 ஜூன் 16, நியூயோர்க், மடிசன் ஸ்குயர் கார்டன். பில்லி கொலின்ஸ் என்ற 21 வயதுப் பொடியன். அதுவரை ஒரு தோல்வி இல்லை. எதிரே லூயிஸ் ரெஸ்டோ, பலமான குத்துக்குப் பெயர் எடுத்த ஆளே இல்லை. ஆனால் அன்றைக்குப் பத்துச் சுற்றிலும் கொலின்ஸின் முகம் பிதுங்கிப் போனது. சண்டை முடிந்து ரெஸ்டோவுக்குக் கை கொடுக்கப் போன கொலின்ஸின் அப்பா, கையுறையைப் பிடித்தவர் விடவே இல்லை. உள்ளே பஞ்சு இல்லை! ரெஸ்டோவின் பயிற்சியாளர் பனாமா லூயிஸ் கையுறையில் இருந்து பஞ்சை எடுத்திருந்தார். கையில் சுற்றிய துணியையும் பிளாஸ்டர் கரைசலில் நனைத்திருந்ததாகப் பல வருஷம் கழித்து ரெஸ்டோவே ஒத்துக்கொண்டார். இரண்டு பேரும் சிறைக்குப் போனார்கள். கொலின்ஸின் கண் பழுதாகி, அதன் பிறகு அவர் ரிங்கில் ஏறவே இல்லை. ஒரு வருஷம் ஆகுமுன் கார் விபத்தில் இறந்தார். இதற்குப் பக்கத்தில் டுபுவாவின் முழங்காலை வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

மற்றது, மூலையில் நிற்கிறவர்கள். தங்களுடைய ஆளுக்கு இனி ஏலாது என்று கண்டால் துவாயை ரிங்குக்குள் எறிந்து சண்டையை நிறுத்தவேண்டியவர்கள் இவர்கள்தான். இவர்களைப் பற்றி யாரும் பதிவு போடுவதில்லை. 2019 ஜூலையில் ரஷ்யாவின் மக்சிம் டடாஷேவ் அமெரிக்காவில் சண்டை போட்டார். பதினோராவது சுற்று முடிந்ததும் அவருடைய பயிற்சியாளர் மெக்கேர்ட் முன்னால் குனிந்து, நிறுத்தப்போகிறேன் என்று கெஞ்சுகிறார். டடாஷேவ் மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறார். மெக்கேர்ட் கேட்கவில்லை, நிறுத்திவிட்டார். அப்படியும் நாலு நாள் கழித்து மூளை இரத்தக்கசிவால் டடாஷேவ் இறந்துபோனார். வயது 28. அந்த ஒரு நிமிசக் காணொளியை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

ஏனென்றால் நானும் ஒருக்கா மூலையில் நின்றவன்.

இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். கொழும்பில் ஒரு போட்டி. ஊரில் இருந்து பஸ் பிடித்து, வழியெல்லாம் செக்பொயின்டில் இறங்கி ஏறிப் போயிருந்தோம். சண்டை போட்டவன் என் கூட்டாளி. கோச் இன்னொரு பொடியனின் எடை பார்க்கப் போய்விட்டதால் அந்தச் சண்டைக்கு மூலையில் நான். தோளில் பச்சைத் துவாய், கூட்டாளியின் அம்மா கொடுத்து அனுப்பினது. இரண்டாவது சுற்று முடிந்து மணி அடித்தது. அவன் நேரே எதிராளியின் மூலைக்குப் போய் அந்த ஸ்டூலில் குந்தப் பார்த்தான். நடுவர்தான் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார். சனம் சிரித்தது. வந்து குந்தினவன் என்னைப் பார்த்து, “இது எத்தினையாவது ரவுண்ட் மச்சான்?” என்று கேட்டான்.

துவாய் என் தோளில்தான் இருந்தது. நான் மேலே பார்த்தேன். நம்முடைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் எழும்பி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு தூரம் வந்து... என்றுதான் என் புத்தி போனது. துவாயால் அவனுடைய முகத்தைத் துடைத்துவிட்டு, “கடைசி ரவுண்ட், போ” என்றேன்.

இடது காதோடு சேர்த்து ஒன்று விழுந்தது. நடுவர் நிறுத்தினார். அந்தக் காது பிறகு சரிவரவே இல்லை. அவன் இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நேற்றும் அந்த மேசையில் எனக்கு இடது பக்கம் அவன்தான் இருந்தான். எந்தக் கடைக்குப் போனாலும் அவன் அந்தப் பக்கம்தான் கதிரையை இழுப்பான், வலது காது எனக்கு நேரே வரவேண்டும் என்பதற்காக. பொடியன்மார் கத்திச் சிரித்ததும் என்னிடம் சாய்ந்து, “என்னவாம்?” என்று கேட்டான்.

“ஒண்டுமில்ல, பிளேன்டீ ஆறுது, குடி” என்றேன்.