மேளத்தைப் பின்வாசலில் வைக்கச் சொன்னவர்களுக்கு

சனிக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாட்களாகப் பொறுத்திருந்தேன். ஒரு நடன நிறுவனத்தின் விழாவுக்கு அழைக்கப்பட்டுப் போன எங்கள் பள்ளியின் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி மேடையிலிருந்து இறக்கிய அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஆனால் அந்த நடன நிறுவனம் நேற்று வெளியிட்ட விளக்கத்தைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. லத்தீன் நடனத்துக்கு இனம் கிடையாதாம், அதனால்தான் அழைப்பிதழிலிருந்து, ஆப்பிரிக்க வேரைச் சொல்லும் 'ஆஃப்ரோ' என்ற சொல்லை எடுத்தார்களாம். நேரம் போதாததால் எங்கள் பள்ளியின் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்களாம். எங்களை இறக்கிவிட்டதும் தொகுப்பாளர் "இனி உண்மையான நடனம் தொடங்கட்டும்" என்றாரே, அதற்கு மட்டும் ஒரு வரி விளக்கமும் இல்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. நடன அடியை எடுத்துக்கொள்ளுங்கள், அதை ஆடி வந்தவர்களை அழிக்காதீர்கள்.

எங்கள் பள்ளி நியூயார்க்கின் தென் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கிறது. செவ்வாயும் வியாழனும் மாலை ஏழு மணிக்கு. முடிந்தவர்கள் பணம் கொடுப்பார்கள், முடியாதவர்கள் வகுப்பு முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டுப் போவார்கள். எட்டு வயதுச் சிறுமியும் அவளுடைய பாட்டியும் ஒரே வட்டத்தில் நிற்பார்கள். ஆசிரியையை எல்லோரும் மாயெஸ்த்ரா என்றே அழைக்கிறோம். புவேர்ட்டோ ரிக்கோவின் லொயீசாவிலிருந்து குழந்தையாக இங்கே வந்தவர், இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். அந்த அறையில் ஆளுயரக் கண்ணாடி கிடையாது. மேளம் இருக்கிறது.

பொம்பா என்பது புவேர்ட்டோ ரிக்கோவின் மேள ஆட்டம். அங்கே என் முதல் பொம்பா வகுப்பை மறக்க மாட்டேன். சிறுவயதில் பரதம் கற்றவள் நான். நட்டுவனார் சொல்லும் ஜதிக்குக் காலைப் போட்டுப் பழகிய உடம்பு. வட்டத்துக்குள் போய் மேளத்துக்கு வணக்கம் வைத்துவிட்டுத் தாளத்துக்காகக் காத்து நின்றேன். இரண்டாவது மேளம் அடித்தளத் தாளத்தை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தது. ஆனால் பிரிமோ என்கிற தலைமை மேளம் அசையவில்லை. வாசிப்பவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாயெஸ்த்ரா வந்து என் தோளைத் தொட்டார். "அவன் உனக்காகக் காத்திருக்கிறான். நீ அசைந்தால்தான் அவன் வாசிப்பான்" என்றார்.

பொம்பாவில் ஆடுபவர்தான் முதலில் பேசுவார், மேளம் பதில் சொல்லும். தோளை ஒருமுறை வெட்டினால் ஓர் அடி விழும், பாவாடை நுனியைச் சுழற்றினால் அடிகள் உருளும். கரும்புத் தோட்டத்தில் நாளெல்லாம் பிறர் ஏவலுக்கு உழைத்த அடிமைகள், ரம் பீப்பாயில் ஆட்டுத்தோல் கட்டி உருவாக்கிய ஆட்டம் இது. பகலெல்லாம் ஏவப்பட்ட உடம்பு, இரவில் மேளத்தை ஏவியது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தோள்வெட்டை மட்டும் வீடியோ பார்த்துக் கற்றவருக்குக் கையில் என்ன மிஞ்சும்? அந்த ஆட்டத்தைத்தான் சனிக்கிழமை நான்காவது நிமிடத்தில் நிறுத்தினார்கள்.

"கலை எல்லோருக்கும் பொதுவானது" என்று எனக்குப் பாடம் எடுக்க வருபவர்களுக்குச் சொல்கிறேன். பொதுவானதுதான். மன்ஹாட்டனில் பிராட்வேயும் 53-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் பல்லேடியம் என்றொரு நடன அரங்கம் இருந்தது. 1966-ல் மூடப்படும் வரை கறுப்பர்களும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களும் யூதர்களும் இத்தாலியர்களும் அங்கே ஒரே தரையில், கியூபாவில் பிறந்த மாம்போ நடனத்தை ஆடினார்கள். மேடையில் டிட்டோ புவெந்தே, டிட்டோ ரொட்ரிகெஸ், மச்சீத்தோ ஆகியோரின் இசைக்குழுக்கள். அந்த மச்சீத்தோ 1940-ல் தொடங்கிய இசைக்குழுவின் பெயர் என்ன தெரியுமா? ஆஃப்ரோ-கியூபன்ஸ். கறுப்பரை முன்வாசல் வழியாக உள்ளே விடாத விடுதிகள் இதே நகரத்தில் நிறைந்திருந்த காலத்தில், அந்தச் சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதி வைத்தார்கள். அதற்காக யாரும் ஆட வராமல் போகவில்லை. அன்று எழுத முடிந்ததை இன்று ஓர் அழைப்பிதழில் எழுத உங்களுக்கு என்ன தயக்கம்?

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்களை அழித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி வேண்டுமா? உலகமெங்கும் நடக்கும் பால்ரூம் போட்டிகளில் 'ரும்பா' என்று ஓர் ஆட்டம் உண்டு. 1947-ல் கியூபா போய் வந்த லண்டன் நடன ஆசிரியர் பியேர் என்பவரின் வழியாக வடிவம் பெற்றது. அழகான ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் கியூபாவின் மத்தான்சாஸ் துறைமுகத்திலும் ஹவானாவின் குடியிருப்பு முற்றங்களிலும் கருவாட்டுப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டி ஆடிய ரும்பாவுக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு அதிகம் இல்லை. யாம்பூ, குவாகுவாங்கோ, கொலும்பியா என்ற மூன்று வகைகளையும் அந்தப் போட்டியில் ஆடும் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? யுனெஸ்கோ 2016-ல் மானுடத்தின் மரபாக ஏற்றது இந்த முற்றத்து ரும்பாவைத்தான்.

அடியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆட்களை அழிக்காதீர்கள். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். கேட்காதவர்களிடம் வேறு எப்படிச் சொல்வது?

"அந்த நிறுவனம் இல்லையென்றால் சால்சா இத்தனை பேரைச் சென்று சேர்ந்திருக்குமா" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நானே என் முதல் சால்சா அடியை அதுபோன்ற ஒரு கண்ணாடி அறையில்தான் கற்றேன். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் சால்சாவுக்கு அடித்தளமான ஐந்தடி கிளாவே தாளத்தை அங்கே ஒருவரும் கைதட்டிக் காட்டவில்லை. எங்கள் பள்ளியில் மூன்று வாரம் என்னை உட்காரவைத்துத் தட்டவைத்த பிறகுதான் எழுந்து நிற்கவே விட்டார்கள். நேரம் போதவில்லை என்ற காரணத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அடுத்து வந்த ஜோடிக்கு மட்டும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

"நீ தமிழச்சி, உனக்கென்ன வந்தது?" இந்தக் கேள்வியைத் தமிழர்களே கேட்டதுதான் வலிக்கிறது. மயிலாடுதுறையில் ஒன்பது ஆண்டுகள் பரதம் படித்தேன். அரங்கேற்றமும் நடந்தது. பரதத்தின் பழைய பெயரான சதிர் என்ற சொல்லை அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. நான் ஆடிய வர்ணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து ஆடிய தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் எப்படி மேடையிலிருந்து இறக்கப்பட்டார்கள் என்பதை முப்பது வயதுக்குப் பிறகு, இதே நியூயார்க்கில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து அரங்கேற்றப் புகைப்படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. எனக்கென்ன வந்தது என்று இனி யாரும் கேட்காதீர்கள்.

இந்த நகரத்தில் ஒரு மதுக்கடையிலோ உணவகத்திலோ மக்கள் ஆட வேண்டுமென்றால் தனி உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1926-ல் வந்தது. அது நீக்கப்பட்டது 2017-ல். ஹார்லெமின் கறுப்பர் விடுதிகள் அதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. பல்லேடியமும் போனது. அடி எங்கே பிழைத்தது? வீட்டு வரவேற்பறைகளில், தெருமுனைச் சங்கங்களில், எங்களுடையதைப் போன்ற கீழ்த்தளங்களில். அந்தக் கீழ்த்தளத்தில் போன குளிர்காலம் இரண்டு வாரம் வெப்பம் வரவில்லை. கையுறை போட்டுக்கொண்டு கைதட்டினோம். அப்போது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. விழாவுக்கு நிறம் சேர்க்க மட்டும் எங்களை அழைப்பார்கள், அழைத்துவிட்டு மேளத்தைப் பின்வாசலில் வைக்கச் சொல்வார்கள்.

ஆம், அதையும் சொல்லிவிடுகிறேன், வீடியோவில் அது இல்லை. முன்கூடத்தில் விருந்தினர் நடமாட இடம் வேண்டுமென்று இரண்டு பீப்பாய் மேளங்களையும் வெளியே வைக்கச் சொன்னார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. என் மேல்கோட்டைக் கழற்றி ஒன்றின் மேல் போட்டேன், இன்னொன்றுக்கு எதுவும் இல்லை.

நேற்று மாயெஸ்த்ராவைப் பார்க்கப் போயிருந்தேன். விளக்க அறிக்கையைப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்தார். சமையலறையில் அந்த மேளம் துணி விரித்துக் கிடந்தது. தோலை விரலால் சுண்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். ஓரத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது, வியாழக்கிழமைக்குள் காய்ந்துவிடுமா என்று என்னிடம் கேட்டார்.