"அங்கே இங்கிலீஷே போதும்" யாருக்கு?

ஜெர்மனியில் வேலை கிடைத்த கணவரோடோ மனைவியோடோ கிளம்புகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் ஆறுதல் இதுதான்: "அங்கே எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்க, பயப்படாதீங்க." சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் ஐ.டி. அலுவலகத்துக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். அங்கே மீட்டிங்கும் மெயிலும் இங்கிலீஷ்தான். ஆனால் கூட வருகிறவர் அந்த அலுவலகத்துக்குள் போகப்போவதில்லை. அவருக்கு வாய்ப்பது டாக்டர் கிளினிக்கின் வரவேற்பு மேஜை, குழந்தைகள் காப்பகம், மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ், தபால் பெட்டி. இதெல்லாம் ஜெர்மன். அரசு அலுவலகங்களின் மொழி ஜெர்மன் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கவுன்டரில் இருப்பவருக்கு இங்கிலீஷ் தெரிந்தாலும், பேசியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அதனால் இரண்டு பேரில் முதலில் ஜெர்மன் படிக்க வேண்டியவர் வேலைக்குப் போகாதவர்தான் என்பது என் கட்சி. நடப்பதோ தலைகீழ். சம்பாதிப்பவருக்குக் கம்பெனி செலவில் வகுப்பு. மற்றவருக்கு "செட்டில் ஆனதும் பார்த்துக்கலாம்".

சம்பாதிப்பவர் ப்ளூ கார்டில் (பட்டதாரி நிபுணர்களுக்கான வேலை-வசிப்பு அனுமதி) இருந்தால், துணைவருக்கு விசா கட்டத்தில் ஏ1, அதாவது ஜெர்மன் மொழியின் முதல் படிக்கான சான்றிதழ் கேட்பதில்லை. பெரிய சலுகைதான், ஆனால் பலர் சறுக்குவதும் இங்கேதான். கேட்கவில்லையே என்று ஒரு எழுத்துகூடப் படிக்காமல் விமானம் ஏறிவிடுகிறார்கள். போய் இறங்கிய முதல் சில மாதங்கள் வீடு, பதிவு, கார்டு, காப்பீடு என்று ஓடிவிடும். குழந்தையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். விசாவுக்குக் காத்திருக்கும் நாட்களில் ஏ1 முடித்துவிடுங்கள். சான்றிதழ் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, எண்களும் நேரமும் உங்கள் பெயரை எழுத்துக்கூட்டுவதும் வர வேண்டும்.

எழுத்துக்கூட்டுவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். போனில் ரேவதி என்பவர் இங்கிலீஷ் முறையில் தன் பெயரைச் சொல்கிறார்: ஆர், ஈ, வீ, ஏ, டீ, ஹெச், ஐ. கேட்கும் ஜெர்மன்காரருக்கு 'ஈ' என்றால் I எழுத்து. 'ஏ' என்றால் E எழுத்து. முடிவில் கம்ப்யூட்டரில் ஏறுவது கிட்டத்தட்ட 'ரிவேதை'. பிறகு காப்பீட்டு அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒத்துவராது. ஜெர்மனில் அதைச் சொல்லும் முறை: எர், ஏ, ஃபௌ, ஆ, டே, ஹா, ஈ. உங்கள் பெயர், தெருப் பெயர், மெயில் முகவரி மூன்றையும் இப்படி ஒரு தாளில் எழுதி, தடுக்காமல் வரும்வரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது நேரம். 'ஹால்ப் ட்ரை' என்றால் நேர்ப்பொருள் 'பாதி மூன்று'. மூன்றரை என்று நினைத்துப் போனால் அப்பாயின்ட்மென்ட் போயிற்று, அது இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்று கணக்கு. எண்களிலும் ஒன்றாம் இடம்தான் முதலில் வரும்: 24 என்பதை 'நாலும் இருபதும்' என்பார்கள். அவசரத்தில் 42 என்று எழுதிவிடுவோம். எண் சொன்னால் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். போனில் சிலர் இரண்டுக்கு 'ட்ஸ்வை' என்பதற்குப் பதில் 'ட்ஸ்வோ' என்பார்கள். மூன்றின் 'ட்ரை'யோடு குழம்பாமல் இருக்கத்தான். நீங்களும் அப்படியே சொல்லலாம்.

இலக்கணத்தில் நமக்கு ஒரு சாதகம் உண்டு, யாரும் சொல்லித் தருவதில்லை. ஜெர்மனில் 'வைல்' ('ஏனென்றால்') போட்டுக் காரணம் சொல்லும் வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய்விடும். "நாளைக்கு டாக்டரிடம் போகணும்" மாதிரி வாக்கியங்களிலும் 'போக' என்பது கடைசியில்தான் வரும். இங்கிலீஷ் வழியாக யோசிப்பவர் வினையை நடுவில் செருகிவிட்டுத் தடுமாறுவார். தமிழில் யோசித்தால் அது தானாகக் கடைசிக்கு வந்து உட்காரும். நம் ஊர் வகுப்புகளில் ஜெர்மனை ஏன் இங்கிலீஷ் வழியாகவே நடத்துகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

போய்ச் சேர்ந்த பிறகு விடக்கூடாதது ஒருங்கிணைப்புப் படிப்பு, 'இன்டெக்ரட்ஸியோன்ஸ்கூர்ஸ்'. வழக்கமான படிப்பு மொத்தம் 700 பாடவேளை: 600 மொழிக்கு, 100 நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறைக்கு. ஒரு பாடவேளை 45 நிமிடம். வாரத்துக்கு 20 பாடவேளை என்றால் ஏறத்தாழ எட்டு மாதம். முடிவில் பி1 (நடுத்தர நிலை) வரை அளக்கும் மொழித் தேர்வு ஒன்று, 33 கேள்விகள் கொண்ட பொது அறிவுத் தேர்வு ஒன்று. கட்டணத்தில் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. நம் பங்கு பாடவேளைக்கு 2.29 யூரோ, அதாவது 100 பாடவேளைக்கு 229, முழுவதற்கும் 1,603 யூரோ. தனியார் பள்ளியில் பி1 வரை போக ஆகும் செலவை விசாரித்துவிட்டு இதைப் பாருங்கள்.

சிக்கல் எங்கே என்றால், குடும்ப இணைவில் வந்தவருக்கு இந்தப் படிப்பில் சேரும் உரிமை, வசிப்பு அட்டை வழங்கப்பட்ட நாளிலிருந்து ஒரு வருடத்தில் காலாவதியாகிவிடும். அதன் பிறகு சேர முடியும் என்று உறுதி இல்லை. 'செட்டில் ஆனதும்' என்று தள்ளிப்போடுகிறவர்கள் இழப்பது இதைத்தான். வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு அட்டைக்காகப் போகும்போதே தகுதிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 'பெரெஷ்டிகுங்ஸ்ஷைன்' என்று சொன்னால் போதும். அவர்களாக எடுத்துக் கொடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். இன்னொன்று, நீங்கள் பட்டதாரி என்றால் 'உங்களுக்கு ஒருங்கிணைப்புத் தேவை குறைவு' என்று மறுக்க விதியில் இடம் உண்டு. அதே விதியில் விலக்கும் உண்டு: மொழி தெரியாததால் படிப்புக்கேற்ற வேலையில் நியாயமான காலத்துக்குள் சேர முடியாது என்றால் அந்த மறுப்பு செல்லாது. இதை இரண்டு வரியில் எழுதி, பட்டச் சான்றிதழ் நகலோடு கொடுங்கள். வாயால் வாதாடுவதைவிடத் தாள் அங்கே நன்றாக வேலை செய்யும்.

அடுத்தது தபால். ஜெர்மனியில் வாழ்க்கை தபாலில்தான் ஓடுகிறது. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் இல்லாமல் அது நடக்காது. பதிவு முடிந்ததும் கடிதங்கள் வரத் தொடங்கும்: 11 இலக்க வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கி அட்டை ஒரு உறையில், அதன் ரகசிய எண் தனியாக இன்னொரு உறையில். இதில் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு தலைவலி. பாஸ்போர்ட்டில் மனைவியின் குடும்பப்பெயர் இடத்தில் அவருடைய அப்பா பெயர் இருக்கும். தபால் பெட்டியில் கணவர் பெயர் மட்டும் ஒட்டியிருக்கும். தபால்காரர் பெட்டியில் அந்தப் பெயர் இல்லையென்றால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். பக்கத்து வீட்டில் விசாரிக்கும் பழக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். முதல் நாளே இரண்டு பேரின் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள்.

வருகிற கடிதங்களில் ஒன்று பலரைப் பயமுறுத்தும்: ஒலிபரப்புக் கட்டணம். மாதம் 18.36 யூரோ. டி.வி. இல்லை, ரேடியோ இல்லை என்றாலும் கட்ட வேண்டும். ஆனால் அது வீட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று இல்லை. முகவரி பதிவான பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் கடிதம் தனியாக வரும். இரண்டாவது கடிதம் வந்ததும் தூக்கிப் போடாமல், ஏற்கெனவே கட்டுபவரின் கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பினால் முடிந்தது. பேசாமல் இருந்தால் உங்கள் பெயரிலும் கணக்குத் திறந்து பாக்கி ஏறத் தொடங்கும்.

மஞ்சள் உறை வந்தால் மட்டும் அன்றே திறங்கள். அது முறைப்படி வழங்கப்பட்ட கடிதம். தபால்காரர் உறையின் மேல் தேதி எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டால், நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கைக்கு வந்ததாகவே கணக்கு. அபராத உத்தரவு என்றால் எதிர்க்க அந்தத் தேதியிலிருந்து இரண்டு வாரம்தான். அதனால் உறையையும் எறியக் கூடாது. மற்ற கடிதங்களில் மூன்று சொல்லைத் தேடுங்கள்: 'ரெஹ்னுங்' என்றால் பில், 'மானுங்' என்றால் கட்டாமல் விட்ட பில்லுக்கு நினைவூட்டல், 'ஃப்ரிஸ்ட்' என்றால் கெடு. மீதியை மொபைல் கேமரா மொழிபெயர்த்துத் தரும்.

காப்பீடு. சம்பாதிப்பவர் அரசுசார் மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், வருமானம் இல்லாத துணைவரும் குழந்தைகளும் கூடுதல் சந்தா இல்லாமல் அதிலேயே சேரலாம். தனியார் காப்பீட்டில் ஒவ்வொரு தலைக்கும் தனிச் சந்தா. தனியாளாக முதலில் போனவரிடம், இளம் வயதில் தனியார் மலிவு என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். குடும்பம் வந்தபின் கணக்கு மாறிவிடும், திரும்பி வருவதும் சுலபமில்லை. இதைக் குடும்பம் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். கையெழுத்துப் போட்டபின் பேசி என்ன பயன்?

வேலை விஷயத்தில் துணைவரின் அட்டையில் வேலை செய்ய அனுமதி என்று எழுதியிருக்கும். தனி அனுமதி தேவையில்லை. தடுப்பது மொழிதான். நர்ஸ் என்றால் பி2 (பி1-க்கு அடுத்த படி) வரை, டாக்டர் என்றால் அதற்கு மேல் மருத்துவ ஜெர்மன் தேர்வும் உண்டு. சம்பளம் ஒருவருக்கு மட்டும் இருக்கும்போது, அவர் மூன்றாம் வரிவகுப்பிலும் துணைவர் ஐந்தாம் வரிவகுப்பிலும் இருந்தால் கைக்கு அதிகம் வரும். ஆனால் ஐந்தில் இருப்பவர் வேலைக்குச் சேர்ந்தால் அவர் கைக்கு வருவது மெலிந்துவிடும். மகப்பேறுக்குப் பின் வரும் பெற்றோர் உதவித்தொகையும் நிகர வருமானத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே வரி ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, வீட்டில் பேசத் தயங்கும் ஒன்று. துணைவரின் வசிப்புரிமை மற்றவருடையதைச் சார்ந்தது. ஜெர்மனியில் மூன்று வருடம் தம்பதியாகச் சேர்ந்து வாழ்ந்த பிறகுதான், பிரிந்தாலும் தனக்கென வசிப்புரிமை கேட்க முடியும். குடும்ப வன்முறை போன்ற கடும் துன்பம் என்றால் அதற்கு முன்பும் வழி உண்டு. அதனால் பாஸ்போர்ட், வசிப்பு அட்டை, திருமணச் சான்றிதழ் உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் ஒன்று, வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்தும். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, நல்ல குடும்பங்களும் இப்படித்தான் செய்கின்றன. ஆம்புலன்சுக்கு 112, போலீசுக்கு 110. அவசரமில்லாத நோய்க்கு, கிளினிக் மூடிய நேரத்தில் 116117. பெண்களுக்கு எதிரான வன்முறைக்கான உதவி எண் 116 016. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, ஜெர்மன் வராவிட்டால் மொழிபெயர்ப்பாளரை இணைத்துப் பேசுவார்கள். நான்கையும் இன்றே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.