குன்னூர் ஈரத்தில் ஓபன் பேக் ஹெட்போன்கள்

உயர்தர ஓபன் பேக் ஹெட்போன்களைப் பற்றித் தமிழில் எழுதும் நண்பர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால், அந்த ஒப்பீடுகளில் பெரும்பாலானவை பெட்டியைப் பிரித்த சில நாட்களுக்குள் எழுதப்படுகின்றன. அதே ஹெட்போன் மூன்று மழைக்காலங்களைக் கடந்த பிறகு எப்படி ஒலிக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. குன்னூரில் வாழ்கிற எனக்கு அந்தக் கேள்வியே முதன்மையானது. இந்த மலையில் ஒரு ஹெட்போனைத் தேர்ந்தெடுப்பவர், அதன் ஒலியை எடைபோடும் அதே கவனத்தோடு, அதன் உறுப்புகளை எவ்வளவு எளிதாகப் புதுப்பிக்க முடியும் என்பதையும் எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வகை ஹெட்போன்களுக்கு இந்த மலையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். சென்ஹைசர் நிறுவனம் 1968இல் வெளியிட்ட எச்டி 414 முதல் இன்றைய மாதிரிகள் வரை, ஓபன் பேக் ஹெட்போனின் இயல்பு ஒன்றுதான்: ஒலியை எழுப்பும் பாகமான டிரைவரின் பின்புறம் மூடப்படுவதில்லை. அதனால் ஒலி கிண்ணத்துக்குள் அடைபட்டு எதிரொலிக்காமல் வெளியேறிவிடுகிறது, கூடவே வெளியுலகின் சத்தமும் தடையின்றி உள்ளே வருகிறது. சமவெளியில் மின்விசிறி சுழலும் அறையில் அமர்ந்து கேட்கும்போது, தம்புராவின் மெல்லிய ரீங்காரம் அந்த விசிறிச் சத்தத்தில் அமிழ்ந்துபோவதால் கை தானாகவே ஒலியளவைக் கூட்டுகிறது. இங்கே வீடுகளில் பெரும்பாலும் விசிறி ஓடுவதில்லை, இரவு எட்டு மணிக்குமேல் எங்கள் சாலையில் வண்டிகளும் குறைவு. அதனால் தாழ்ந்த ஒலியளவிலேயே எல்லாம் கேட்கிறது. பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குள் கேட்பதே பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டே முழுக் கச்சேரியையும் அனுபவிக்க முடிவது காதுக்குக் கிடைக்கும் பெரும் நன்மை. தகரக் கூரையில் ஐப்பசி மழை கொட்டும் மாலைகள் மட்டும் விதிவிலக்கு. அப்போது எந்த ஓபன் பேக்கும் பயன்படாது.

ஒப்பீட்டுக்கு வருகிறேன். இரண்டு ஹெட்போன்களில் எது சற்றே உரக்க ஒலிக்கிறதோ அதுவே தெளிவானது என்று நம் செவி முடிவு செய்துவிடுகிறது. ஒலியளவு மாறும்போது பேஸும் (தாழ்ந்த ஒலிகளும்) ட்ரெபிளும் (உயர்ந்த ஒலிகளும்) கேட்கும் விகிதமே மாறுகிறது என்பதை ஒலி ஆய்வாளர்களான ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே ஹெட்போனை இயக்கும் ஆம்ப்பின் ஒலியளவுக் குமிழை ஒரே இடத்தில் வைத்துவிட்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்பது ஒப்பீடு ஆகாது. ஃபோக்கல் யுடோபியா ஹெட்போனின் உணர்திறன், அதாவது குறிப்பிட்ட சிறு மின்திறனுக்கு அது எழுப்பும் ஒலியளவு, 104 டெசிபல்; ஹைஃபைமேன் சுஸ்வாராவின் உணர்திறன் 83 டெசிபல். இந்த 21 டெசிபல் இடைவெளியை நிரப்ப நூறு மடங்குக்கும் அதிகமான மின்திறன் தேவை. சாதாரண ஆம்ப்பில் சுஸ்வாராவை மாட்டிவிட்டு, உயிரில்லை என்று எழுதுபவர் உண்மையில் அந்த ஆம்ப்பின் இயலாமையைத்தான் எழுதுகிறார். ஒரு தடித்த அட்டையில் துளையிட்டு, மைக்கைப் பொருத்தி, காதுமெத்தையை அதன்மேல் அழுந்த வைத்து, இரு ஹெட்போன்களின் ஒலியளவையும் ஒரு டெசிபல் வேறுபாட்டுக்குள் கொண்டுவந்த பிறகே நான் கேட்கத் தொடங்குகிறேன். ஆய்வகத் துல்லியம் இதில் இல்லை என்றாலும், நம் செவி பெரிதாக ஏமாறுவதை இது தடுத்துவிடுகிறது.

அப்படிக் கேட்டதில் எனக்கு உறுதிப்பட்டவை சில உண்டு. மிருதங்கத்தின் இடப்பக்க முகமான தொப்பியில் எழும் ஆழ்ந்த கும்காரத்தை பிளேனார் வகை ஹெட்போன்கள் இறுதிவரை தளராமல் தருகின்றன. மெல்லிய தகட்டின் பரப்பு முழுவதும் மின்தடம் ஓடி, அது முழுவதும் ஒருசேர அசைவதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். சென்ஹைசர் எச்டி 600இல் அந்த அடியாழம் சற்றே மெலிந்துவிடும். ஆனால், மனிதக் குரல் என்று வந்துவிட்டால், அதிலும் கீழ் ஸ்தாயியில் நின்று பாடும் குரலில், எச்டி 600 தரும் இயல்புத் தன்மையை அதைவிடப் பல மடங்கு விலையுள்ளவற்றிலும் நான் கேட்டதில்லை. அதே நிறுவனத்தின் எச்டி 800 எஸ் மாதிரி தன் 56 மில்லிமீட்டர் டிரைவரைக் காதிலிருந்து தள்ளிச் சாய்வாக நிறுத்தியிருப்பதால், வயலின் ஓரிடத்திலும் கடம் வேறோர் இடத்திலும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. மேடையின் அகலத்தை விரும்புபவர்கள் அதை வாங்கி வருந்தமாட்டார்கள். எனக்கு அதன் மேல்ஸ்தாயி நெடுநேரக் கேட்டலுக்குச் சற்றுக் கூர்மையாகவே படுகிறது.

இந்தத் தீர்ப்புகள் எல்லாவற்றையும் குலைக்க வல்லது தேய்ந்துபோன காதுமெத்தை. மெத்தை அமுங்க அமுங்க டிரைவர் காதை நெருங்குகிறது, காதைச் சுற்றியுள்ள அடைப்பும் மாறுகிறது, இரண்டும் சேர்ந்து அந்த ஹெட்போனின் குணத்தையே வேறொன்றாக்கிவிடுகின்றன. ஈராண்டு உழைத்த மெத்தையுள்ள பழைய மாதிரியை, அன்று வந்த புதிய மாதிரியோடு ஒப்பிட்டு, தொழில்நுட்பம் முன்னேறிவிட்டது என்று எழுதுவதை ஏற்க முடியவில்லை. பழையதற்குப் புதிய மெத்தை மாட்டிய பிறகு மறுபடியும் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சமவெளியில் ஈராண்டு தாங்கும் மெத்தை இங்கே அவ்வளவு காலம் தாங்குவதில்லை. உதகைக்கும் கூடலூருக்கும் தென்மேற்குப் பருவமழை முதன்மை என்றால், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் கடுமையானது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பனிமூட்டம் சன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து உட்காரும்போது, கேமரா லென்சில் பூஞ்சணம் படர்வதை இங்குள்ள ஒளிப்படக்காரர்கள் அனைவரும் அறிவார்கள். அதே ஈரம்தான் ஹெட்போனிலும் வேலை செய்கிறது. பாலியூரித்தேன் நுரையும் செயற்கைத் தோலும் நீராவியோடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சிதைகின்றன. முதலில் பிசுபிசுப்பு, பிறகு உதிரல். டிரைவரின் முன்னால் இருக்கும் மெல்லிய நுரைத் தகடு பொடியாகி, அதிர்ந்து ஒலி எழுப்பும் சவ்வின்மீது விழத் தொடங்கினால், அதன் பிறகு நீங்கள் கேட்பது இசை மட்டுமாக இராது.

இதற்கான தீர்வு பெரிய செலவுள்ளதும் அன்று. இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, அதனுள் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பதமானி ஆகியவை போதும்; ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் பூஞ்சணம் பிடிக்காது. அதற்கும் கீழே வறளவிட்டால் இயற்கைத் தோல் மெத்தைகள் வெடிக்கக்கூடும். கம்பளி உடைகளோடு போடும் பாச்சை உருண்டையை மட்டும் தயவுசெய்து இந்தப் பெட்டியில் போடாதீர்கள். அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பர்லியார் வழியாக மலையிறங்கி மேட்டுப்பாளையம் செல்லும்போது, குளிர்ந்திருந்த ஹெட்போனை வெப்பமான காற்றில் உடனே வெளியே எடுத்தால் அதன் உலோகப் பாகங்களில் நீர் படியும். பைக்குள்ளேயே வைத்து அது வெளிவெப்பத்துக்கு வந்த பிறகு திறப்பது நல்லது.

நம் வீடுகளுக்கே உரிய இரண்டு எதிரிகளையும் குறிப்பிட வேண்டும். தலையில் தடவும் தேங்காய் எண்ணெய் தலைப்பட்டையிலும் மெத்தையிலும் ஊறி அவற்றைக் கெட்டியாக்குகிறது. எண்ணெய் வைத்த நாளில் தலையில் ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு கேட்பது எங்கள் வீட்டு வழக்கம். சாம்பிராணிப் புகை திறந்த வலைக்கண்கள் வழியே நுழைந்து உள்ளே பசைபோல் படிகிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஹெட்போன் பெட்டிக்குள் இருக்கட்டும். ஒரு காதில் மட்டும் கரகரப்பு கேட்டால், டிரைவர் போய்விட்டது என்று அஞ்சுவதற்கு முன் மெத்தையைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு தலைமுடி உள்ளே நுழைந்து சவ்வைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதை இடுக்கியால் மெதுவாக எடுத்துவிடலாம். ஊதும் கருவியையோ வாக்குவம் கிளீனரையோ பக்கத்தில் கொண்டுவரவே கூடாது, ஏனெனில் அந்தச் சவ்வு ஒரு பலத்த மூச்சைக்கூடத் தாங்காத அளவுக்கு மெல்லியது. வெல்வெட் மெத்தையை வெதுவெதுப்பான நீரில் மென்சோப்பால் அலசி நிழலில் உலர்த்தலாம், ஆனால் மழைக்காலத்தில் இங்கே அது உள்வரை உலரப் பல நாட்கள் ஆகும் என்பதால் மாற்று மெத்தை ஒரு சோடி கையில் இருப்பது அவசியம்.

ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் ஹெட்போன்கள் போன்ற, மின்னூட்டத்தால் சவ்வை அசைக்கும் மின்னிலைம (எலக்ட்ரோஸ்டாட்டிக்) வகையைப் பற்றிச் சில வரிகள். 580 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கும் அந்தச் சவ்வு தன்மேல் நிற்கும் மின்னூட்டத்தை நம்பியிருக்கிறது. ஈரக் காற்றில் அது கசிந்து, ஒரு பக்கம் தாழ்ந்து ஒலிக்கத் தொடங்கும். வீணையின் கமகத்தை அவ்வளவு நுணுக்கமாக வேறெதிலும் நான் கேட்டதில்லை என்றபோதிலும், ஈரம் நீக்கும் அலமாரி இல்லாத குன்னூர் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

ஆக, இந்த ஊரில் யார் கேட்டாலும் நான் முதலில் கைகாட்டுவது 1997இல் வந்து இன்றும் தயாரிப்பில் இருக்கும் எச்டி 600ஐத்தான். அதன் மெத்தைகள் எச்டி 650க்கும் பொருந்தும், கேபிளைக் கழற்றி மாற்றலாம், பெரும்பாலான உறுப்புகளை வீட்டிலேயே பிரித்து மாட்டலாம். ஆடிசி நிறுவனத்தின் எல்சிடி வரிசை ஹெட்போன்களில் மெத்தையைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். பேயர்டைனமிக் டிடி 880இன் வழக்கமான மாதிரியில் கேபிள் கழன்று வராது, அறுந்தால் பற்றவைப்புக் கோல் வேண்டும். இவை மோசமான ஹெட்போன்கள் என்று நான் சொல்லவில்லை. எல்சிடி எக்ஸ் தரும் பேஸ் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால், உதிரிபாகம் கடல் கடந்து வந்து, பிறகு மலையும் ஏற வேண்டிய ஊரில், வாங்கும் நாளிலேயே அடுத்த சோடி மெத்தைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிட வேண்டும். பயன்படுத்திய ஹெட்போன் வாங்குவோர் விற்பவரிடம் அது எந்த ஊரில் இருந்தது, மெத்தை கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற இரண்டையும் கேட்காமல் விலை பேச வேண்டாம்.

கோத்தகிரி, உதகைப் பக்கம் எச்டி 800 எஸ் அல்லது ஃபோக்கல் கிளியர் வைத்திருப்பவர்கள் இருந்தால், இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகு மெத்தையும் தலைப்பட்டையும் எந்த நிலையில் உள்ளன என்பதைப் படத்தோடு கீழே பகிருங்கள்.