தொலைநோக்கி தூரத்தில் இருக்கட்டும், பியூரெட் கையில் வேண்டும்
இணையம் வழியாகக் கருவிகளை இயக்க முடியும் என்றால் கிராமப் பாடசாலைக்கு ஆய்வுகூடம் எதற்கு என்று ஒரு கட்டுரை கேட்கிறது. அதுதான் எனக்கு இடிக்கிறது. மட்டக்களப்பின் படுவான்கரையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். நிறம் மாறிக் காட்டும் பினோப்தலீன் விட்ட அமிலத்துக்குள், பியூரெட் என்கிற திருகு வைத்த அளவுக் கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைத் துளித்துளியாக விடுவோம். கடைசியில் ஒரே ஒரு துளியில் அது இளஞ்சிவப்பாகும். அந்தத் துளிக்கு முன் பியூரெட்டின் திருகை எவ்வளவு இறுக்குவது என்பதை விரல்தான் பழக வேண்டும். முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் காரத்தைக் கூட விட்டு, கடும் ரோசா நிறமாக்கித்தான் கொண்டு வருவார்கள். திரையில் பொத்தானை அமத்தி இது வராது. அதற்காக, அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவரைப்போல, இணையவழிக் கருவிகள் 'எல்லாம் வீண் செலவு' என்றும் சொல்ல மாட்டேன். ஹவாயின் ஹலேயகலா மலையில் இருக்கும் 2 மீற்றர் ஃபோக்ஸ் தொலைநோக்கியைப் பிரித்தானியப் பாடசாலைப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தபடியே இயக்கிப் படம் எடுத்திருக்கிறார்கள். மட்டக்களப்பில் முற்பகல் 11.30 என்றால் அங்கே முந்தின நாள் இரவு 8 மணி, பாடசாலை நேரத்திலேயே நட்சத்திரம் பார்க்கலாம்! அப்படியொன்றை இங்கே எந்தப் பாடசாலையும் வாங்கப் போவதில்லை, சரி. பியூரெட்டும் அப்படியா? எங்களிடம் இருப்பது 4, அதில் ஒன்று ஒழுகுகிறது, பிள்ளைகள் 30 பேர்.