ஓரண்கள் அழிந்தால் தார் பாலைவனத்தில் யார் பிழைப்பார்கள்?

ராஜஸ்தானின் சூரிய மின்சக்திப் பூங்காக்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "அங்கே என்ன இருக்கிறது, வெறும் மணல்தானே" என்ற வாசகமும் கூடவே வந்துவிடுகிறது. சுற்றுச்சூழலில் உண்மையான அக்கறை உள்ள நண்பர்களே இதைச் சொல்லும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது. தார் பாலைவனத்துக்கும், அங்கே தெய்வத்தின் பெயரால் காக்கப்பட்டுவரும் ஓரண் என்னும் பொது நிலங்களுக்கும் இன்று நேர்ந்துவரும் கேடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த எண்ணமே வேர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உலகப் பாலைவனங்களுள் மக்கள் மிக நெருக்கமாக வாழ்பவற்றில் ஒன்று தார். 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவான பலோதி, கடைத்தெருவும் பள்ளிக்கூடங்களும் உள்ள ஊர். ஜெய்சல்மேர்ப் பக்கம் ஆண்டு முழுவதற்கும் கிடைக்கும் சராசரி மழை 200 மில்லிமீட்டருக்குள்தான். அதிலும் பெரும்பங்கு ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் ஒரு சில நாட்களிலேயே பெய்து முடிந்துவிடும். அந்தச் சில நாள் மழையை ஆண்டு முழுவதும் காப்பாற்றி வைத்துக்கொள்ளத் தெரிந்த உயிர்கள் மட்டுமே அங்கே நிலைத்திருக்கின்றன.

முள்வால் பல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ளவர்கள் அதைச் சாண்டா என்பார்கள். இலை தழைகளையே முதன்மையாகத் தின்று வாழும் இந்தப் பிராணி, கெட்டியான சரளை மண்ணில் சரிவாக வளை தோண்டிக்கொள்கிறது. வெயில் கடுமையாகும்போதும் இரவு தங்கும்போதும் உள்ளே போய், வளையின் வாயை உள்ளிருந்தே மண்ணால் அடைத்துவிடுகிறது. அடைத்தபின் வளைக்குள் இருக்கும் ஈரம் வெளியேறுவதில்லை. அனல் காற்றும் பாம்பும் எளிதில் நுழைய முடிவதில்லை. சிங்காரா மான், தான் தின்னும் இலைகளிலும் அவற்றின்மேல் படியும் பனியிலும் உள்ள நீரைக் கொண்டே நெடுநாள் தாக்குப்பிடிக்கும். கல்கௌதாரிச் சேவல் தொலைவிலுள்ள நீர்நிலையில் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு பறந்து வந்து குஞ்சுகளுக்குத் தண்ணீர் ஊட்டும். அந்த இறகுகளின் அமைப்பே நீரைப் பிடித்துவைப்பதற்கு ஏற்றதாக இருக்கிறது.

மனிதர்கள் செய்ததும் ஏறத்தாழ இதுவேதான். வீட்டு முற்றத்தின் மழைநீரை நிலத்தடித் தொட்டியில் சேர்க்கும் தாங்கா பல ஊர்களில் உண்டு. ஜெய்சல்மேர், பாட்மேர்ப் பகுதிகளில் சில இடங்களில் மண்ணுக்கடியில் ஜிப்சம் அடுக்கு ஒன்று இருக்கிறது; பெய்த மழை அதற்குக் கீழே உள்ள உப்பு நீரோடு கலக்காமல் மேலேயே தங்கிவிடும். அந்த அடுக்கைத் துளைத்துவிடாமல் குறுகலான கிணறு தோண்டி, ஊறி வரும் இனிய நீரைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்கிறார்கள். எந்த ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்பது தலைமுறைகளாகக் கைமாறி வந்த அறிவு.

எல்லாவற்றையும்விட என்னை வியக்கவைப்பது கடீன் என்னும் வேளாண்முறை. பாலிவால் பிராமணர்கள் 15ஆம் நூற்றாண்டில் ஜெய்சல்மேரில் இதைத் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. பாறைச் சரிவுகளில் விழும் மழை வழிந்தோடி வரும் தாழ்வான பகுதியில், குறுக்கே நீண்ட மண்கரை ஒன்றை எழுப்புகிறார்கள். நீர் அங்கே தேங்கி மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. கூடவே வந்த வண்டலும் படிகிறது. தேங்கிய நீர் வற்றியதும் அந்த ஈரத்தை மட்டுமே நம்பிக் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் அதற்குமேல் ஒரு வாளி பாசனம்கூட இல்லாமல் விளைச்சல் வீட்டுக்கு வந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, வயலுக்கு மேலே இருக்கும் அந்த வெற்றுப் பாறைச் சரிவு. அதில் எதுவும் விளையாது, யாரும் குடியிருக்க மாட்டார்கள், ஆனால் அது இல்லையென்றால் கீழே கோதுமை இல்லை. வருவாய்த் துறையின் கண்ணில் அது தரிசு. சாலை போடவும் சூரிய மின்தகடுகள் பதிக்கவும் முதலில் கைவைக்கப்படுவது அந்த நிலத்தில்தான்.

கேஜ்ரி மரத்தையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ச் சிவன் கோயில்கள் பலவற்றில் தலமரமாக நிற்கும் வன்னிதான் அது. கொடுங்கோடையில், மழைக்கு முன்பே, புதுத் தளிர் விடும் மரம் அது. இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். இளங்காய் சாங்கரி என்ற பெயரில் மனிதர்களுக்குக் கறி. வேர் மண்ணுக்கு நைட்ரஜன் சேர்ப்பதால் மரத்தைச் சுற்றிக் கம்பு செழிக்கிறது. ஆகவே உழவர்கள் அதை வயல் நடுவிலேயே விட்டுவைக்கிறார்கள். 1730இல் ஜோத்பூர் அரசரின் ஆட்கள் கேஜட்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி தொடங்கி, மரங்களைக் காப்பதைச் சமயநெறியாகக் கொண்ட பிஷ்ணோயி சமூகத்தினர் 363 பேர் மரங்களைக் கட்டிப்பிடித்தபடி உயிர் கொடுத்தார்கள் என்பது வரலாறு. அவர்களைப் பக்திக்காக மட்டும் போற்றுவது எனக்கு உடன்பாடில்லை. அந்த மரம் போனால் ஆடும் வயலும் கோடைச் சாப்பாடும் சேர்ந்து போய்விடும் என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

இப்படி மரமும் புல்லும் நீர்வரத்துப் பரப்பும் சேர்ந்த பொது நிலங்களைத் தெய்வத்தின் பெயரால் காத்துவந்ததுதான் ஓரண். அங்கே பச்சை மரத்தை வெட்டக்கூடாது. மாடும் ஆடும் ஒட்டகமும் மேயலாம். சேவண் புல் வளரும் அந்தப் பரப்புகளில்தான், முன்பு தமிழகம் வரை பரவியிருந்து இன்று ஏறத்தாழ 150 என்ற அளவுக்குச் சுருங்கிவிட்ட கானமயில் நடமாடுகிறது. தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும் பறவை அது. 15 கிலோ வரை எடை. நேர் முன்னே பார்க்கும் திறனும் குறைவு. எதிரே வரும் மின்கம்பியை அருகில் வந்த பிறகே கண்டுகொண்டு, விலக முடியாமல் மோதிச் சாகிறது. தார் பகுதியில் மட்டும் ஆண்டுக்கு 18 கானமயில்கள் இவ்வாறு இறப்பதாக இந்திய வனவுயிர் நிறுவனம் மதிப்பிட்டது. ஜெய்சல்மேரின் தேக்ராய் ஓரண் வழியாகவே உயர் அழுத்தக் கம்பிகள் செல்கின்றன.

கானமயில் வாழும் பகுதிகளில் மின்கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுசெல்லுமாறு 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. செயற்கை இனப்பெருக்க மையத்தில் கானமயில் குஞ்சுகள் பொரிப்பது மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றை விடுவிக்கப் புல்வெளி இருக்க வேண்டாமா?

ஒட்டகத்தின் கதையும் இதிலிருந்து வேறல்ல. 2019 கணக்கெடுப்பில் ராஜஸ்தானில் இருந்தவை ஏறத்தாழ 2.13 லட்சம்; 2012இல் 3 லட்சத்துக்கும் மேல். உடல் வெப்பத்தைப் பல டிகிரி உயரவிட்டு வியர்வையை மிச்சப்படுத்தும் அந்த விலங்கைப் பாலைவனம் தோற்கடிக்கவில்லை. லாரியும் டிராக்டரும் வந்ததோடு, ரைக்கா மேய்ப்பர்களின் மேய்ச்சல் நிலமும் சுருங்கிப்போனது.

சூரிய மின்சாரத்துக்கு நான் எதிரி அல்லன். 2,245 மெகாவாட் திறன்கொண்ட பட்லா பூங்கா போன்றவை நிலக்கரியைக் குறைக்கும் என்றால் அது நாட்டுக்கு நல்லது. நகரத்துக் கூரைகளும் கால்வாய்களின் மேற்பரப்பும் இருக்க, ஓரணையும் கடீனின் நீர்வரத்துச் சரிவையும் முதலில் எடுத்துக்கொள்வது நியாயமா என்பதே என் கேள்வி.

ஓரண்களை அளந்து வரைபடமாக்கிக் காடாக அறிவிக்குமாறு 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது. ஆனால் காடு என்று அறிவித்தால் வனத்துறை மேய்ச்சலைத் தடுத்துவிடுமோ என்ற அச்சம் கிராமங்களில் இருக்கிறது. அது நியாயமான அச்சம். அதே தீர்ப்பு, வன உரிமைச் சட்டத்தின்கீழ் சமூகத்தின் உரிமையை ஏற்கும் வழியையும் சுட்டிக்காட்டியிருக்கிறது. அறிவிக்கை வெளியாகும் நாளிலேயே அந்த உரிமையும் சேர்த்து எழுதப்பட வேண்டும். அதற்கான அளவைப் பணியில் வருவாய் அலுவலருடன் அந்த ஓரணில் ஆடு மேய்ப்பவரும் நடக்க வேண்டும்.